தப்பான பதில் ஒன்று தேவை

அத்தியாயம் பதினாறு

போன வாரம் டீச்சரைச் சமையலறை மேஜை முன்னால், கையில் கத்தரிக்கோலும் முகத்தில் கவலையுமாக விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவள் அங்கேதான் இருக்கிறாள். பொழுது மட்டும் விடிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘டீச்சர்’ என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் வகுப்பு உதவியாளர், பிள்ளைகளுக்கு ‘அக்கா’. மூன்று வருடமாகச் சின்னதுகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, ஷூ நாடாவைக் கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடத்துவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் உரிமத் தேர்வை இரண்டு முறை எழுதியாயிற்று. முதல் முறை தேர்வு அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் முறை வாசல்வரை கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியது. மூன்றாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இதற்கிடையில்தான் நாலாம் வகுப்பு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். “உன்கிட்ட இன்னும் உரிமம் இல்லதான். ஆனா கல்வி அதிகாரி வந்து நீ பாடம் நடத்துறதைப் பாத்துட்டு சரின்னு சொன்னா, தற்காலிக அனுமதியில அந்த வகுப்பை உனக்கே குடுத்துடலாம்” என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அவர் சரி என்று சொல்லாவிட்டால் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். டீச்சருக்கு மறுபடி கடைசி பெஞ்சுதான்.

அந்த அதிகாரி வருகிற நாள் இன்று.

“ஆரம்பிக்கலாமா அண்ணி?” என்று கேட்டாள் டீச்சர்.

“ம்” என்றாள் நாத்தனார், டீயை ஊதிக்கொண்டே.

தொடர்கதையில் நாத்தனார் என்றதும் கண்ணைக் கசக்கத் தயாராகிறவர்கள் கைக்குட்டையை உள்ளே வைத்துவிடலாம். இந்த நாத்தனார் வேறு ரகம். கல்யாணமே வேண்டாம் என்று தம்பி குடும்பத்தோடு இருந்துவிட்டவள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டிலும் அதே குரல்தான். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டுப் பயணிகளும் கனிவான கவனத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். குழந்தை பிறந்தபிறகு டீச்சருக்குப் படிப்பு ஆசை வந்தபோது, “நீ போய்ப் படி, அடுப்பு என்கூடப் பேசிக்கட்டும்” என்று சொன்னவள் அவள்தான். அதற்காகவே காலை ஷிப்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டீச்சரின் மகள் வாலு பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் இல்லையா. இன்று மட்டும் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, தாமதமாகப் போகிறாள்.

ஒரு வாரமாக இந்த மேஜைதான் வகுப்பறை. ஒரே மாணவி நாத்தனார்.

“மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு. ரெண்டுல எது பெருசு?”

“நாலுல ஒரு பங்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இதுல என்ன எப்படி? மூணு பெருசா, நாலு பெருசா?”

டீச்சரின் முகம் மலர்ந்தது. இந்தத் தப்பான பதில்தான் அவளுக்கு வேண்டும். பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். அப்போது ஒரே நீளத்தில் இரண்டு பச்சைக் காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நாலாகவும் மடித்துக் காட்ட வேண்டும். பெரியது என்று நினைத்தது சின்னதாகி நிற்பதைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். பாடம் முழுக்க அந்த ஒரு தப்பான பதிலின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது.

டீச்சர் மடித்துக் காட்டினாள். “இப்ப சொல்லுங்க அண்ணி.”

நாத்தனார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பட்டைகளைப் பார்த்தாள். “பேப்பரை வெட்டினது நீ. உனக்குத் தோதா வெட்டியிருப்பே. எங்க ஸ்டேஷன்ல வந்து பாரு. மூணாவது பிளாட்பாரம் குட்டையா இருக்கும். நாலாவதுதான் நீளம்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நாத்தனாரின் முயலுக்கு என்னவோ நாலு கால்தான். பிடிவாதம் மட்டும் அதே பிடிவாதம்.

மேஜையின் ஓரத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் வாலு. டீச்சரின் ஒரே மகள். நாலாம் வகுப்பு. ஆமாம், அதே நாலாம் வகுப்புதான். அத்தை ஒவ்வொரு முறை தப்பாகச் சொல்லும்போதும் அவள் அம்மாவின் முகத்தைக் கவலையோடு பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஷூவைப் போட்டுக்கொண்டு, பள்ளி வேனுக்கு முதல் ஆளாக ஓடினாள். அதுவே ஓர் அதிசயம். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கணவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். லிப்ட் மெக்கானிக். பேசுவது குறைச்சல்; பேசினால் லிப்ட்டை விட்டு வெளியே வரமாட்டான்.

“நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம். டெஸ்ட் முடியாத லிப்ட்ல நாங்க ஆளை ஏத்த மாட்டோம். முதல்ல பரீட்சையை முடி. அப்புறம் வகுப்பை எடு.”

“அப்ப டெஸ்ட் பண்றவன் எங்கடா நிப்பான்?” என்று கேட்டாள் நாத்தனார். “மாடிப்படியிலயா?”

“உள்ளதான்.”

“சர்ட்டிபிகேட் வர்றதுக்கு முன்னாடியேவா?”

அவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

“டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு” என்றாள் நாத்தனார்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன்மேல் கோபம் வரவில்லை. இரண்டாம் முறை தேர்வு முடிவு வந்த அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதாள். வெளியே கதவருகே அவன் நின்றிருந்தான். தட்டவும் இல்லை, நகரவும் இல்லை. அந்த அழுகையை இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்குமோ என்கிற பயம்தான் இப்படி லிப்ட்டாகவும் டெஸ்ட்டாகவும் வெளியே வருகிறது. அது அவளுக்குத் தெரியும்.

“வண்டியில ஏறு, விட்டுட்டுப் போறேன்” என்றான். பிடிக்காத காரியத்துக்கும் கொண்டுபோய் விட அவனால்தான் முடியும்.

*

கல்வி அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக டீச்சர் உட்கார்ந்து தேய்த்த அதே இடம். உயரமான மனிதர். முழங்கால்களை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் ஒருக்களித்திருந்தார். மீசை மட்டும் வசதியாக இருந்தது. பக்கத்தில் தலைமை ஆசிரியை நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். எழுதாமலே கேட்டாள்.

“ஒரு கேள்வி. யோசிச்சு சொல்லுங்க. மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு. ரெண்டுல எது பெருசு?”

யாரும் யோசிக்கவில்லை. வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. எதற்கும் கையே தூக்காத ஜன்னலோரத்துப் பையன்கூடத் தூக்கினான்.

“மூணுல ஒரு பங்கு” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டீச்சர் சிரித்தாள். அது உதடு மட்டும் சிரித்த சிரிப்பு. “நாலுல ஒரு பங்குதான் பெருசுன்னு யாராவது நினைக்கிறீங்களா?”

யாரும் இல்லை.

“நினைச்சாலும் பரவாயில்ல. தைரியமா சொல்லலாம்.”

முதல் பெஞ்சுக் குண்டுப்பையன் அவளை ஆறுதலாகப் பார்த்தான். “கவலைப்படாதீங்கக்கா. நாங்க யாரும் தப்பா சொல்ல மாட்டோம்” என்றான் கிசுகிசுப்பாக.

முக்கால் மணி நேரத்துக்கு என்று கட்டிய பாடம் முக்கால் நிமிடத்தில் முடிந்துபோயிற்று. ஒரு தப்பான பதில் கிடைக்காதா என்று எந்த வாத்தியாராவது அப்படி ஏங்கியிருப்பாரா தெரியவில்லை. இல்லாத ஊருக்குப் போகாத வழியைக் கேட்டு நின்றவள்போல, கையில் பச்சைப் பட்டைகளோடு நின்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார்.

“இந்தப் பாடத்தை இவங்களுக்கு ஏற்கெனவே எடுத்துட்டீங்களா?”

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்த்த பாடத்தை அதிகாரி முன்னால் புதிதுபோல நடத்துவது பழைய தந்திரம். பிடிபட்டால் அனுமதி கிடையாது. தலைமை ஆசிரியையின் முகம் சுண்டிப்போயிற்று.

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படி எல்லாரும்?”

“தெரியல சார்.”

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சிலிருந்து வாலு எழுந்து நின்றாள்.

“நான்தான் சார்.”

“என்ன நீதான்?”

“நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். வீட்டுல அம்மா தினமும் அத்தைகிட்ட இந்தக் கேள்வியைக் கேப்பாங்க. அத்தை தினமும் தப்பாவே சொல்வாங்க. இங்கயும் எல்லாரும் தப்பா சொல்லிட்டா அம்மாவுக்கு இந்த வகுப்பு போயிடுமேன்னு...” அவள் குரல் தடுமாறியது. “வேன்லயே எல்லாருக்கும் சொல்லிட்டேன். வேன்ல வராதவங்களுக்கு வரிசையில நிக்கிறப்ப சொன்னேன். அம்மா ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயிலாயிட்டாங்க சார். அம்மாவைத் திட்டாதீங்க.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே பிடித்தது பிள்ளை. பிடித்த கையில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

டீச்சருக்கு முதலில் முகம் எரிந்தது. இரண்டு தடவை ஃபெயில் என்பது இந்த வகுப்புக்குத் தெரியாமல் இருந்த விஷயம். இப்போது ஜன்னலோரத்துப் பையன்வரை தெரிந்துவிட்டது. இனி மறைக்க எதுவும் இல்லை என்றான பிறகு ஆச்சரியமாகக் கால் தரையில் நன்றாக ஊன்றி நின்றது. ஒரு பத்து வயசுப் பெண் தனக்காக ஒரு வகுப்பையே திரட்டியிருக்கிறாள். இந்த வகுப்பும் தனக்காகத் திரண்டிருக்கிறது. திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஆமா. நான் ரெண்டு தடவை பரீட்சையில தேறல.”

“நானும் கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலுக்கா” என்றான் குண்டுப்பையன்.

“அப்ப நாம ஒரே கட்சி. சரி, இப்ப உங்க எல்லாருக்கும் விடை தெரியும். ஏன் அந்த விடைன்னு யாருக்குத் தெரியும்?”

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லோரும் வாலுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதைச் சொல்லிக் குடுக்க நேரமில்ல. பள்ளிக்கூடம் வந்துடுச்சு” என்றாள் வாலு.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

“அப்ப நான் ஒரு உதவி கேக்கறேன்” என்றாள் டீச்சர். அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கே வாயில் வந்தபிறகுதான் தெரிந்தது. “எங்க வீட்டுல ஒரு அத்தை இருக்காங்க. நல்லவங்க. ஆனா ஒத்துக்கவே மாட்டாங்க. நாலுதான் பெருசு, அதனால நாலுல ஒரு பங்குதான் பெருசுங்கறாங்க. ஒரு வாரமா நான் சொல்லிப் பாத்துட்டேன், என்னால முடியல. நீங்களா இருந்தா எப்படிச் சொல்வீங்க?”

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

“அத்தைக்குப் பசிக்குமாக்கா?” என்று கேட்டாள் ஒருத்தி.

“நல்லாப் பசிக்கும்.”

“அப்ப ஒரு ரொட்டியை வச்சு, அத்தையோட சேர்த்து மூணு பேரை உக்கார வைங்க. அடுத்த நாள் அதே ரொட்டிக்கு நாலு பேரை உக்கார வைங்க. வயிறே சொல்லிடும்.”

“அத்தை மூணாவது ஆளோட பங்கையும் எடுத்துப்பாங்க” என்றாள் வாலு, உண்மையை மறைக்க முடியாமல்.

“அப்ப ரொட்டி வேணாம். பட்டையைக் குடுங்கக்கா” என்று எழுந்து வந்தான் ஜன்னலோரத்துப் பையன். மூன்று வருடத்தில் அவன் கரும்பலகைப் பக்கம் வந்து டீச்சர் பார்த்ததில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பட்டையை மூன்றாக மடித்தான். இன்னொன்றை நாலாக மடித்தான். “அத்தை, இங்க பாருங்க. நிறைய பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்” என்று காற்றில் நின்றிருந்த அத்தையைப் பார்த்துச் சொன்னான்.

“நான் ஒத்துக்க மாட்டேன்” என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். அதிகாரி பெஞ்சிலிருந்து முழங்கால்களை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

“நான்தான் அந்த அத்தைன்னு வச்சுக்கோங்க” என்றார்.

மீசை வைத்த அத்தையைப் பார்த்து வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முன்னால் வந்து, மேஜையிலிருந்து நீளமான ஒரு பட்டையை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தார். டீச்சர் வெட்டிப் போட்ட துண்டுகளில் குட்டையான ஒன்றை எடுத்து மூன்றாகக் கிழித்தார். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை உயர்த்திப் பிடித்தார்.

“இது நாலுல ஒண்ணு. இது மூணுல ஒண்ணு. இப்ப எது பெருசு?”

நாலில் ஒன்றுதான் பெரிதாக இருந்தது. ஜன்னலோரத்துப் பையனின் முகம் வாடியது. அதிகாரி டீச்சரைப் பார்த்தார்.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. தேர்வுப் புத்தகத்தில் எங்கேயாவது இருந்திருக்கும். இப்போது ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மழுப்பலாம். மணி அடிக்கும்வரை எதையாவது பேசி ஓட்டலாம். பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மழுப்ப மனசு வரவில்லை.

“இதை நான் யோசிக்கவே இல்ல. எனக்கும் இப்பதான் முதல் தடவை தோணுது” என்றாள். “சேர்ந்தே யோசிப்போம். அத்தை சொல்றதுல ஏதோ இருக்கு. என்ன அது? யாரும் அவசரப்பட வேணாம். நானும் அவசரப்படல.”

மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். துண்டுகளைத் திருப்பிப் போட்டார்கள், ஒட்டிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட ஒருத்தி கிழிந்த துண்டுகளை எல்லாம் பழையபடி வரிசையாகச் சேர்த்து வைத்தாள்.

“இது ஏமாத்து வேலை. ரெண்டும் ஒரே பட்டை இல்ல. முழுசு ஒரே அளவா இருந்தாத்தான் பங்கு பேசலாம்” என்றாள்.

அதிகாரி தோற்றுப்போன அத்தையாகத் தலையை ஆட்டினார். வகுப்பு கைதட்டியது. டீச்சரும் தட்டினாள். தானும் இப்போதுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்கிற சந்தோஷம் அவளுக்குக் கண்வரை வந்து நின்றது.

*

தலைமை ஆசிரியையின் அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“உங்க மகளை என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“திட்டணும் சார். ஆனா அதுக்கு முன்னாடி கட்டிப் பிடிச்சுக்கணும்.”

“தெரியலன்னு வகுப்புல நின்னு சொன்னீங்க. நான் அதுக்காகத்தான் கேட்டேன். நிறைய பேர் அந்த இடத்துல என்னை முறைப்பாங்க. இல்லன்னா பிள்ளைங்களை அதட்டி உக்கார வைப்பாங்க.” அவர் பேனாவைத் திறந்தார். “அனுமதி குடுக்கலாம்னு எழுதறேன். ஆனா உரிமத் தேர்வுல இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“தெரியும் சார். ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

இந்த முறை அவர் மறைக்காமல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இதுல நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் உதவியாளர் இல்ல. அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடுவாங்க. ரெண்டு மாசத்துல தேறலன்னா இந்த அனுமதியும் போயிடும். திரும்பிப் போக பழைய வேலை இருக்காது” என்றார்.

“அவசரமில்ல. வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லு” என்றார் தலைமை ஆசிரியை. மூன்று வருடமாக, ‘எந்த வகுப்புல வேணும்னாலும் போய் உக்காந்து பாரு’ என்று தன் பள்ளியின் கதவுகளை எல்லாம் அவளுக்குத் திறந்துவிட்டவர் அவர். அவர் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கம் இல்லை.

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் டீச்சரும் வாயைத் திறந்தாள்.

*

சாயங்காலம் வீட்டில் நாலு பேரும் சமையலறை மேஜையைச் சுற்றி இருந்தார்கள். வாலு நடந்ததை நடித்தே காட்டினாள். அதிகாரி நான்தான் அத்தை என்று சொன்ன இடம் வந்ததும் நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கடைசியில முழுசு ஒண்ணா இருக்கணும்னுதானே முடிஞ்சுது? எங்க நாலாவது பிளாட்பாரம் நீளம்னா அதுல ஒரு பங்கும் நீளம்தானே? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ஒரு அதிகாரிக்குப் புரியுது, உங்களுக்குப் புரியல.”

“நீங்க ஒத்துக்காததாலதான் அண்ணி இன்னிக்கு நான் தப்பிச்சேன்” என்றாள் டீச்சர். சொல்லும்போதே குரல் இளகியது. “இன்னிக்குன்னு இல்ல. இந்த மூணு வருஷமும்.”

“சரி, சரி. கண்ணைத் துடை. டீ உப்புக் கரிக்கப் போகுது.”

அதிகாரி போட்ட நிபந்தனையையும் டீச்சர் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து கணவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆக, தேறலன்னா ரெண்டும் போயிடும்” என்றான்.

“ஆமாங்க.”

“யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டு வந்தியா?”

“இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

“உங்களைக் கேட்கக் கூடாதுன்னு இல்லங்க” என்றாள் அவள். “கேட்டுட்டு வர்றேன்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப யோசிச்சேன். வேணாம்னு சொல்லிட்டே என்னைக் கொண்டுபோய் விட்டீங்க. அண்ணி அடுப்பை எடுத்துக்கிட்டாங்க. இவ ஒரு வகுப்பையே கெடுத்து வச்சா. இந்த வீடு மூணு வருஷமா போ, போன்னுதானே சொல்லிட்டு இருக்கு. இன்னும் என்ன கேக்கறதுன்னு தோணுச்சு. உரிமம் வரட்டும், அப்புறம் டீச்சர் ஆகிக்கலாம்னு நான் இனி ஒதுங்கி நிக்க மாட்டேன். வகுப்பையும் எடுப்பேன், படிக்கவும் படிப்பேன்.”

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“கையெழுத்துப் போடறப்ப கை நடுங்குச்சா?”

“நடுங்குச்சு.”

“எனக்கு இப்ப நடுங்குது” என்று கையை நீட்டிக் காட்டினான். பிறகு அதே கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் சம்மதம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

“அப்ப அத்தையும் கையெழுத்துப் போடலாம்ல?” என்றாள் வாலு.

நாத்தனார் சட்டென்று எழுந்தாள். “நான் பாத்திரத்தைக் கழுவறேன்.”

“என்ன கையெழுத்து?” என்று கேட்டாள் டீச்சர்.

“ஒளிக்காம சொன்னா திட்ட மாட்டேன்னு மத்தியானம் நீதானேம்மா சொன்னே?” வாலு அத்தையை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னாள். “அத்தையைப் பெரிய ஸ்டேஷனுக்குக் கூப்பிடறாங்க. அங்க எல்லா அறிவிப்பாளருக்கும் தலைமை. ஆனா அது வேற ஊரு. அத்தை போன்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரு பொண்ணு பரீட்சை எழுதணும், அவ தேறட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க. இன்னொரு தடவை யோசிச்சு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்கன்னு அவங்க சொன்னாங்களாம்.”

குழாயைத் திறக்கப்போன நாத்தனாரின் கை அப்படியே நின்றது.

“எப்பலேர்ந்து அண்ணி?”

“அது ஒண்ணுமில்ல. சும்மா கேட்டாங்க.” ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் இருப்பவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. “நீ முதல்ல பாஸ் பண்ணு.”

டீச்சர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றாள். எத்தனை வருடம் இந்தச் சமையலறையில் இவள் தனக்காக நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது நன்றி என்கிற வார்த்தை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அதனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, அலமாரியின் மேலிருந்த நாத்தனாரின் போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“நானே பாஸ் பண்றதுக்காகக் காத்திருக்கல. நீங்க எதுக்கு அண்ணி காத்திருக்கணும்? பேசுங்க.”

நாத்தனார் போனைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“அப்ப...” என்று மேஜையிலிருந்து லிப்ட் மெக்கானிக்கின் குரல் மெதுவாக வந்தது. “அக்கா அந்த ஊருக்குப் போயிட்டா, இவளும் வகுப்பு, படிப்புன்னு போயிட்டா... இந்த வீட்டை யாரு பாத்துக்கறது?”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வாலுவும் திரும்பினாள். மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள்.